வீடு ஒன்று, வாசல் நான்கு

கேள்வி: பட்டாவுக்குத் தாலுகா அலுவலகம், வரைபட அனுமதிக்கு வேறோர் அலுவலகம் என்று ஓராண்டாக அலைகிறேன். வீடு சார்ந்த அனைத்தையும் தமிழக அரசு ஒரே துறையின் கீழ் கொண்டுவரக் கூடாதா? (வாசகர், திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: பெயரளவில் அப்படியொரு துறை கோட்டையில் ஏற்கெனவே இருக்கிறது. 1961-இல் தொடங்கிய வீட்டுவசதி வாரியமும், 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வும் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்குள்தான் வருகின்றன. கிராமத்து வீடு மட்டும் அந்தக் கணக்கில் சேராது. குடிசைக்குப் பதிலாக 3.5 லட்சம் ரூபாயில் கான்கிரீட் வீடு கட்டிக்கொள்ள உதவும் கலைஞர் கனவு இல்லம் திட்டம் ஊரக வளர்ச்சித் துறையிடம் இருக்கிறது.

ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் ஒருவர் அந்த வீட்டைக் கேட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால் பட்டா எங்கே என்பார்கள். தாலுகா அலுவலகத்துக்குப் போனால் அது நீர்நிலைப் புறம்போக்கு, பட்டா தர வழியில்லை என்பார்கள். இரண்டு பதில்களும் விதிப்படி சரியானவையே. ஆனால் அவருக்கு மாற்று மனை தேடித்தர வேண்டியது யார் என்று கேட்டால், இரு மேசைகளிலும் பதில் இராது. ஒரே துறை வேண்டும் என்ற உங்கள் வாதத்துக்கு வலுவான இடம் இதுதான்.

அதற்காகப் பட்டாவையும் அந்தத் துறையிடம் கொடுத்துவிட முடியாது. வயலுக்கும் வீட்டு மனைக்கும் நில ஆவணத்தைப் பேணுவது வருவாய்த் துறை ஒன்றே என்பதால், அதை இரண்டாகப் பிரித்தால் நீங்கள் ஏற வேண்டிய படி ஒன்று கூடத்தான் செய்யும். வரைபட அனுமதியில் துறைகளை இணைக்காமலே ஓரளவு வழி பிறந்திருக்கிறது: 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்றின் பேரில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. விதியை மாற்றியதில் வந்த பலன் இது. பெயர்ப்பலகையை மாற்றியிருந்தால் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆகவே கொள்கை வகுப்பதும், நகரம் கிராமம் என்று பாராமல் வீடற்றோர் பட்டியலைப் பேணுவதும், அவர்களுக்கு மனை ஒதுக்கச் சொல்லும் அதிகாரமும் ஒரு துறையிடம் இருக்கட்டும். நிலத்தை அளப்பது வருவாய்த் துறையின் வேலையாகவும், அனுமதி தருவது உள்ளாட்சியின் வேலையாகவும் தொடரட்டும் என்பதே என் கருத்து. உங்கள் பட்டா உட்பிரிவு செய்ய வேண்டிய இனமாக இருந்தால், எந்தத் துறை வந்தாலும் சர்வேயர் நேரில் வந்து அளந்துதான் ஆக வேண்டும்.