மாணவர்களும் ஆசிரியர்களும் ஏன் பாதியில் போகிறார்கள்?

கேள்வி இதுதான்: கட்டணச் சலுகை கொடுத்தும் மாணவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள், சம்பளத்தைக் கூட்டியும் ஆசிரியர்கள் கிளம்பிவிடுகிறார்கள், இரு தரப்பையும் எப்படித் தக்கவைப்பது?

நான் ஆசிரியர். என் கணக்கில் இவை இரண்டு பிரச்சினைகள் இல்லை, ஒன்றுதான். மாணவனுக்குக் கஷ்டம் வரும்போது அவனை அங்கே நிற்க வைப்பது பெரும்பாலும் அவனை நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியர்தான், அந்த ஆசிரியரே வருடா வருடம் மாறிக்கொண்டிருந்தால் அவன் யாரிடம் போவான்? பணம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. வீட்டு நிலைமையால் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளையிடம் ஒட்டுதலைப் பற்றிப் பேசுவது அநியாயம், அவனுக்கு முதலில் உதவித்தொகைதான் வேண்டும்.

முதலில் மாணவர்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் பரீட்சையில் மார்க் குறைந்தால் ‘சரியாகப் படிக்கவில்லை’ என்று நினைப்பது ஒரு வகை, ‘நான் இங்கே இருக்க வேண்டிய ஆளே இல்லை’ என்று நினைப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையில்தான் ஆபத்து இருக்கிறது, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருபவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். வால்டன், கோஹன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ‘ஆரம்பத்தில் எல்லோருக்கும் இந்தத் தயக்கம் இருக்கும், போகப்போகக் குறையும்’ என்று சீனியர்கள் சொன்னதை முதலாண்டு மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். மொத்தம் ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்று வருடங்களில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் கூடியது. இதையே 22 கல்வி நிறுவனங்களில் 26,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் செய்து பார்த்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தயங்கும் மாணவர்களுக்கு உண்மையிலேயே இடம் கொடுக்கிற நிறுவனங்களில்தான் பலன் தெரிந்தது. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் பெரிதாகப் படுகிறது. உள்ளே யாரும் கண்டுகொள்ளாத இடத்தில் வரவேற்பு விழா நடத்தி, ‘நீங்கள் எங்கள் குடும்பம்’ என்று பேனர் கட்டுவதால் ஒன்றும் ஆகாது.

இனி ஆசிரியர்கள். ‘ஆள் கிடைக்கவில்லை’ என்றுதான் எல்லா நிர்வாகமும் சொல்கிறது. இங்கர்சால் என்ற சமூகவியலாளர் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2001-லேயே காட்டினார், ஓய்வு பெறுவதால் காலியாகும் இடங்களைவிட வேறு காரணங்களால் ஆசிரியர்கள் போய்க் காலியாகும் இடங்கள்தான் அதிகம். சம்பளக் குறைவோடு சேர்த்து அவர் கண்ட காரணங்கள்: நிர்வாகம் துணை நிற்காதது, மாணவர் ஒழுங்குப் பிரச்சினை, எந்த முடிவிலும் ஆசிரியருக்குக் குரல் இல்லாதது. நான் பார்த்ததும் அப்படியே. புதிதாக வருபவர் தலையில்தான் யாரும் வேண்டாமென்று தள்ளிய வகுப்பு விழும், லீவு போட்டவர்களின் பீரியடும் அவருக்கே வரும், டைம்டேபிளை மாற்றும்போது ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் உட்கார நிரந்தரமாக ஒரு நாற்காலிகூட இல்லாமல் ஒரு வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர் ராஜினாமா கொடுத்தால் ‘வேறு இடத்தில் அதிகச் சம்பளம்’ என்று காரணம் எழுதி ஃபைலை மூடிவிடுகிறார்கள்!

ஒருவர் போனால் அவருடைய வகுப்பு மட்டும் பாதிக்கப்படுவதில்லை. நியூயார்க் நகரப் பள்ளிகளை வைத்து 2013-இல் வந்த ஓர் ஆய்வில், போகாமல் இருந்த ஆசிரியர்களின் மாணவர்களுடைய கற்றலும் சரிந்தது தெரிந்தது. ஏன் என்று யூகிப்பது கஷ்டமில்லை. இருப்பவர்கள்தான் புது ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும், எந்தப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்ற தகவலும் போனவரோடு போய்விடும்.

சரி, என்ன செய்யலாம்? புது ஆசிரியருக்கு அதே பாடம் எடுக்கும் ஒரு மூத்தவரைத் துணையாகக் கொடுத்து, இருவருக்கும் ஒரே நேரத்தில் ஃப்ரீ பீரியட் விடுங்கள். ஸ்மித் என்ற ஆய்வாளரும் இங்கர்சாலும் 2004-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், இப்படித் துணையும் கூடிப் பேச நேரமும் கிடைத்த புதியவர்கள் முதல் வருட முடிவில் விட்டுப் போவது குறைவாக இருந்தது. இதற்குத் தனி பட்ஜெட் வேண்டாம், டைம்டேபிள் போடுபவர் மனது வைத்தால் போதும்.

மாணவர்களுக்கு, எல்லோர் பெயரையும் ஒரு தாளில் எழுதி ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டுங்கள், யாரை நன்றாகத் தெரியுமோ அந்தப் பெயருக்கு எதிரே ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு புள்ளி வைக்கட்டும். நன்றாகப் படிப்பவனுக்கும் சேட்டை செய்பவனுக்கும் புள்ளிகள் குவியும், சத்தமில்லாமல் வந்து போகிறவர்கள் பெயர் வெறுமையாகக் கிடக்கும். அந்தப் பெயர்களை ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொண்டு, பாடத்தைப் பற்றி இல்லாமல் சும்மா பேச ஆரம்பியுங்கள். பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுவது, நேற்று வராததற்குக் காரணம் கேட்பது, இந்த அளவு போதும். இதை வருடக் கடைசிக்குத் தள்ளாமல் சேர்ந்த முதல் மாதத்திலேயே செய்யுங்கள், ஏனென்றால் அட்டெண்டன்ஸ் குறைவது கண்ணில் படும் நேரத்துக்குள் அந்தப் பிள்ளை போவதென்று மனதளவில் முடிவு செய்திருக்கும்.