பக்கவாதத்துக்குப் பின் ரோபோ நடைக்கருவி: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. பக்கவாதம் வந்து 9 வாரம் ஆகிறது. இடது பக்கம் பலவீனம். ஒருவர் பிடித்துக்கொண்டால் நிற்கிறார், நாலைந்து எட்டு வைக்கிறார். பாதம் தரையில் இழுபடுகிறது. காலில் அணியும் ரோபோ கருவியில் 20 அமர்வுகள் பயிற்சி தரலாம் என்கிறார்கள். பலன் இருக்குமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: முயன்று பார்க்கலாம். முதல் 3 மாதங்களுக்குள் இருப்பவர்கள், தானாக நடக்க முடியாதவர்கள் ஆகியோருக்குத்தான் இயந்திர நடைப்பயிற்சியால் அதிகப் பலன் என்கிறது, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு. உங்கள் அப்பா இரண்டிலும் அடங்குகிறார். ஆனால் பிசியோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தால்தான் அந்தப் பலன். கருவியைக் காட்டி வழக்கமான பயிற்சி நேரத்தைக் குறைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கருவியில் மாயம் ஏதுமில்லை. கையால் பிடித்து நடத்தும்போது பிசியோதெரபிஸ்ட்டின் இடுப்புதான் முதலில் சோர்ந்துபோகும்; எட்டுகளின் எண்ணிக்கை சில நூறுகளில் நின்றுவிடும். காலின் பாரத்தை மோட்டார் ஏற்றுக்கொண்டால் அதே நேரத்தில் கூடுதல் எட்டுகள் வைக்கலாம். மூளை நடையை மறுபடி கற்பது அப்படித் திரும்பத் திரும்பச் செய்வதால்தான்.

எந்த வகைக் கருவி என்று கேளுங்கள். கணுக்காலை மட்டும் இழுத்துக்கொடுக்கும் துணி வகை உண்டு. இடுப்பு, முழங்கால் இரண்டிலும் மோட்டார் உள்ள, கெட்டியான சட்டம் (frame) கொண்ட சட்ட வகை உண்டு. தனியாக நிற்க முடியாத இந்த நிலையில் உங்கள் அப்பாவுக்குச் சட்ட வகைதான் பொருந்தும். பின்னாளில் பாதம் தொங்குவது மட்டும் மிஞ்சினால், சாதாரண பிளாஸ்டிக் கணுக்கால் பட்டையே பலருக்குப் போதும்.

ஆறாத எலும்பு முறிவு, எலும்பு மிகவும் மெலிந்திருப்பது, காலில் ரத்தக்கட்டி, படுக்கைப்புண், நீட்டவே முடியாதபடி மடங்கி இறுகிய மூட்டு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் பேசாமல் கருவியை மாட்டக்கூடாது. உயரம், எடைக்கும் வரம்பு உண்டு. பல சட்டக் கருவிகள் 100 கிலோ அளவோடு நின்றுவிடும். முதல் நாள் உட்கார்ந்த நிலையிலும், எழுந்து 1 நிமிடம், 3 நிமிடம் கழித்தும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் அன்றைக்கு நடை வேண்டாம்.

அதிகம் தவறு நடப்பது அளவெடுப்பதில். கருவியின் கீல் முழங்கால் மூட்டுக்கு நேராக இருக்க வேண்டும். 1, 2 செ.மீ. தள்ளிப்போனாலும் கால் மடங்கும்போதெல்லாம் பட்டை தோலை உரசும். ஒவ்வொரு எட்டுக்கும் பட்டை மேலும் கீழும் நகர்ந்தால் அளவு பிசகியிருக்கிறது என்று அர்த்தம். செருப்பில்லாமல் அளந்துவிட்டு ஷூவோடு நடக்கவிடுவது வழக்கமான பிழை. முதல் அமர்வில் பாதி நேரம் அளவுக்கே போனால் குறை சொல்லாதீர்கள். நல்ல அறிகுறி அது.

இடது பக்கம் பலவீனமானவர்களில் சிலருக்கு அந்தப் பக்கத்து உணர்வும் கவனமும் குறைந்திருக்கும். பட்டை வெட்டினாலும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். கழற்றியதும் தொடை, முழங்கால் பின்புறம், கணுக்கால் ஆகிய இடங்களை நீங்களே பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு இருந்தால், அந்த இடத்தைச் சரிசெய்யாமல் மறுபடி மாட்டக்கூடாது. இடது கை தொங்கவே கூடாது. கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியில் தாங்கியிருக்க வேண்டும். யாரும் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கக்கூடாது, தோள் நழுவிவிடும்.

நடுவில் மோட்டார் அடிக்கடி நின்றால் கருவி பழுது என்று நினைக்காதீர்கள். தசை விறைத்து எதிர்க்கும்போது பாதுகாப்புக்காக அது தானே நிற்கும். கெண்டைக்காலை முன்கூட்டியே நீட்டிவிட்டு, வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

இனி முக்கியமான விஷயம்: உதவி அளவு. கருவியே காலைத் தூக்கி வைத்தால் உடம்பு சும்மா இருந்துவிடும். 15 நிமிடம் நடந்தும் மூச்சு வாங்கவில்லை, வேர்க்கவில்லை, ஊர்க்கதை பேசிக்கொண்டே வருகிறார் என்றால் அது பயிற்சி இல்லை, சவாரி. முதல் இரண்டு மூன்று அமர்வுகளில் முழு உதவி சரி. பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். முழங்கால் மடிந்தாலோ நுனிக்கால் தட்டினாலோ அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் ஏற்றலாம். நல்ல காலுக்கு உதவியே வேண்டியதில்லை. எட்டு எண்ணிக்கை, நடந்த நிமிடம், உதவி அளவு மூன்றையும் ஒவ்வொரு அமர்விலும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு முறை கருவி இல்லாமல் சோதியுங்கள். இப்போதைக்கு எத்தனை எட்டு, எவ்வளவு பிடிமானம் என்று பார்த்தால் போதும். 10 மீட்டர் நடக்க முடிந்த பிறகு நேரம் எடுங்கள்: 25 விநாடிக்கு மேல் ஆனால் வீட்டுக்குள் நடமாடும் வேகம், 12 விநாடியைத் தொட்டால் வெளியே தாராளமாகப் போய்வரலாம். கருவியின் திரையில் எட்டுகள் கூடி, கருவி இல்லாத நடையில் எதுவும் மாறவில்லை என்றால் உதவி அளவைக் கேளுங்கள். மொத்த 20 அமர்வுக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்; 8 அமர்வு முடிந்ததும் நோட்டைப் பார்த்து மீதியை முடிவு செய்யுங்கள்.