அப்பாவுடன் லாவோஸுக்குக் காரில்

கேள்வி: ஈப்போவிலிருந்து தாய்லாந்து வழியாக லாவோஸுக்குச் சொந்தக் காரில் போகிறோம். 72 வயது அப்பா இன்சுலின் போடுகிறார். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் இன்சுலின். திறக்காதது 2–8 டிகிரியில் இருக்கட்டும்; ஆனால் ஐஸ் கட்டியை நேரடியாகத் தொடக் கூடாது, உறைந்தால் மருந்து வீண். துணியில் சுற்றி வையுங்கள். சாப்பிட இறங்கும்போதும் பையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய கார் அடுப்பாகிவிடும். மருத்துவர் கடிதம் அவசியம். தாய்லாந்துக் கடிகாரம் மலேசியாவைவிட 1 மணி நேரம் பின்தங்கியது. முந்தைய ஊசியிலிருந்து மணிக்கணக்கு பாருங்கள்.

கார் கடனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். எல்லையில் தரும் சுங்கத் தாளைத் தொலைக்காதீர்கள், வெளியேறும்போது கேட்பார்கள்.

தாய்லாந்து எல்லையிலுள்ள நோங்காய் பாலம் தாண்டி லாவோஸுக்குள் நுழைந்ததும் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். உங்கள் ஸ்டியரிங்கும் வலப்பக்கம் என்பதால் லாரிக்குப் பின்னாலிருந்து எதிரே வருவது தெரியாது. முந்தாதீர்கள், பக்கத்தில் இருக்கும் அப்பா எதிரே பார்த்துச் சொன்னாலும்கூட.