கையில் பூனை கடித்தது, இரண்டு புள்ளிதான் இருக்கிறது. இதற்கும் நாய்க்கடி ஊசி வேண்டுமா?

வேண்டும், இன்றைக்கே. வீட்டுக்கு வந்துபோகிற பூனை ஆள்காட்டி விரல் கணுவில் கடித்தது, ரத்தம் உடனே நின்றுவிட்டது, அம்மா மஞ்சள் குழைத்துப் போட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 'நாய் என்றால் சரி, பூனைக்குமா ஊசி?' என்று வீட்டில் கேட்கிறார்களாம். பூனைக்கும்தான். வெறிநோய் பூனைக்கும் வரும், அது கடித்தால் நமக்கும் வரும். அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை.

முதலில் அந்த மஞ்சளைக் கழுவுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, முழுசாகப் பதினைந்து நிமிடம். கடித்து நேரமாகிவிட்டது என்று இதை விட்டுவிடாதீர்கள். வெறிநோய்க் கிருமியைச் சுற்றிக் கொழுப்பு உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும். பிறகு பெட்டாடின் தடவலாம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். துணியை இறுக்கிச் சுற்றவும் வேண்டாம். விரலில் மோதிரம் இருந்தால் இப்போதே கழற்றுங்கள். வீங்கிவிட்டால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் அப்பத்தா. பள்ளத்தூர் வீட்டில் இரண்டாங்கட்டுச் சாமான் அறையில் பூனை குட்டி போட்டிருந்தது தெரியாமல், அண்டாவை எடுக்கக் கையை உள்ளே விட்டார்கள். விரலில் உங்களுக்கு இருப்பது போலவே இரண்டு புள்ளி. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் விரல் முழுக்க ஒரே சீராக வீங்கி, பாதி மடங்கினபடியே நின்றது. நாங்கள் மெதுவாக நிமிர்த்தப் பார்த்தாலே அலறினார்கள். அவர்களுக்குச் சர்க்கரை வேறு. ஆபரேஷன் தியேட்டரில் விரலைத் திறந்து கழுவி, ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள். விரல் பிழைத்தது, ஆனால் முன்போல மடங்கவில்லை. பனையோலைக் கூடையான கொட்டான் முடைகிறவர்களுக்கு ஆள்காட்டி விரல் எவ்வளவு முக்கியம் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பூனையின் பல் ஊசி மாதிரி. தோலில் சின்ன ஓட்டைதான் போடும், ஆனால் ஆழமாக இறங்கும். விரலில் தோலுக்கு அடியில் சதை கொஞ்சம்தான், உடனே தசைநாணும் (விரலை மடக்கி நீட்ட இழுக்கிற நாண்) அதன் உறையும் மூட்டும் வந்துவிடும். பூனை வாயில் இருக்கிற பாஸ்சுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும், மேலே ஓட்டை மூடிக்கொள்ளும். உறைக்குள் சீழ் பிடித்தால் அது விரல் நீளத்துக்கும் ஓடும். இதற்கு நாள் கணக்கு வேண்டாம், பன்னிரண்டு மணி நேரத்திலேயே வலியும் வீக்கமும் தொடங்கிவிடும். காயம் பெரிதா சிறிதா என்று பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

நாய்க்கடி வேறு மாதிரி. பெரிய நாயின் தாடை முன்கையை நசுக்கிவிடும், உதறிக் கிழித்துவிடும். மேலே நாலு பல்தடம்தான் தெரியும், உள்ளே சதை நைந்திருக்கலாம், எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். விரல் நுனி மரத்துப்போனாலோ, ஏதாவது ஒரு விரல் மட்டும் நீட்டவோ மடக்கவோ வராவிட்டாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இனி ஊசி. 'தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி' என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து, 2005-க்குப் பிறகு நாட்டில் புழக்கத்தில் இல்லை. இப்போது அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடுகிறார்கள்: இரண்டு தோளிலும் 0.1 மில்லி வீதம், முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். பணம் வாங்குவதில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம்.

ஆனால் பல் தோலைத் துளைத்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கிற ஆயத்த எதிர்ப்புப்பொருள்) போட வேண்டும். ரத்தம் கொஞ்சமாக வந்தது, சீக்கிரம் நின்றது என்பதால் இது மாறாது. தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். கிருமி நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது, விரல் முழுக்க நரம்பு. அந்த இடைவெளியைக் காப்பது இந்த மருந்துதான். விரலில் போடும்போது நன்றாக வலிக்கும், அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சின்ன இடங்களில் இது இல்லாமல் போகலாம். நேராகக் காரைக்குடி, சிவகங்கை மாதிரி பெரிய அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. டெட்டனஸ் வராமல் தடுக்கிற டி.டி. ஊசியையும் கேளுங்கள்.

பூனை கடித்தது கையில் என்பதால், சீழ் பிடிக்கும் முன்பே பெரும்பாலும் மாத்திரை எழுதுவார்கள், அமாக்ஸிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்தது. இது பென்சிலின் வகை, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் செஃபலெக்சினை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், பாஸ்சுரெல்லாவுக்கு அது சரியாகக் கேட்காது. ஓட்டை சின்னது, ஒரு தையல் போட்டுவிடுங்கள் என்று நீங்களாகக் கேட்கவும் வேண்டாம். மூடினால் கிருமி உள்ளேயே தங்கும்.

பூனை கண்ணில் படுகிறதா என்று பத்து நாள் பாருங்கள். அது நல்லபடியாக இருந்தால் மிச்ச ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். ஆனால் பார்த்துவிட்டுப் போடலாம் என்று முதல் ஊசியைத் தள்ளக்கூடாது. ராத்திரிக்குள் விரல் வீங்கினாலோ, கையில் சிவப்புக் கோடு மேலே ஏறினாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், மூன்றாம் நாள் ஊசிக்குப் போகும்போது அந்த விரலை டாக்டர் முன்னால் ஒருமுறை மடக்கி நீட்டிக் காட்டுங்கள்.