டோபாலஜிக்கல் இன்சுலேட்டரின் மேற்பரப்பு மட்டும் எப்படி மின்சாரம் கடத்துகிறது?

உள்ளே கடத்தாது, மேலே மட்டும் கடத்தும் என்றால் உலோகப் பூச்சு பூசியது போலத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பூச்சைச் சுரண்டினால் போய்விடும். ஆனால் டோபாலஜிக்கல் இன்சுலேட்டரான பிஸ்மத் செலினைடு படிகத்தை உடைத்தால், புதிதாக வெளிப்படும் முகமும் கடத்தும்.

காரணம் உள்ளேதான் இருக்கிறது. பிஸ்மத் போன்ற கனமான அணுக்களில் எலக்ட்ரானின் ஸ்பினும் (சுழற்சி போன்ற அதன் உள்ளார்ந்த பண்பு) அதன் ஓட்டமும் வலுவாகப் பிணைந்திருக்கும். அந்தப் பிணைப்பு, ஆற்றல் பட்டைகளின், அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளின் தொகுப்புகளின், வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. வெளியே, வெற்றிடத்தில், வரிசை வழக்கம்போலத்தான். இரண்டும் சந்திக்கும் எல்லையில் பட்டை இடைவெளி (பட்டைகளுக்கு நடுவே எலக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் பகுதி) மூடியே ஆகவேண்டும். அங்கே எலக்ட்ரான் ஓட வழி பிறக்கிறது. அப்புறம், எதிரெதிர்த் திசைகளில் ஓடுபவற்றின் ஸ்பினும் எதிரெதிர். அதனால் காந்தத்தன்மை இல்லாத அழுக்கு எதுவும் எலக்ட்ரானை நேர் பின்னால் திருப்பிவிட முடியாது.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. மெர்க்குரி டெலுரைடு படலம் பற்றி 2006-இல் இயற்பியலாளர்கள் பெர்னவிக், ஹியூஸ், ஷோ-செங் ஜாங் கணித்ததை, 2007-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் மோலன்காம்ப் குழு அளந்து காட்டியது. மெல்லிய படலம் என்பதால் அங்கே மேற்பரப்புக்குப் பதில் கடத்தியவை விளிம்புகள்; அதுவும் படலம் சுமார் 6.3 நானோமீட்டரைவிடத் தடிமனாக இருந்தால்தான்.

சரி, பிஸ்மத் செலினைடில் என்ன சிக்கல்? செலினியம் அணுக்கள் விடுபட்ட இடங்கள் கூடுதல் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடும். உட்புறமும் கடத்தித் தொலைக்கும். பெயரில் மட்டும் இன்சுலேட்டர்!