வாசகர் கேள்வி: கவசமில்லாத வண்டிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: போர் நடக்கும்போது ராணுவத் தளவாடக் கொள்முதலைப் பற்றி அரசைக் கேள்வி கேட்டால் வீரர்களின் மனம் தளர்ந்துவிடாதா?

பதில்: வீரர்களே கேட்ட கேள்விதானே அது! பிரிட்டன் இராக்கில் ஓட்டிய ஸ்நாட்ச் லேண்ட்ரோவர் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். வட அயர்லாந்துத் தெருக்களுக்காகச் செய்த வண்டி, கவசம் லேசானது. சாலையோரக் குண்டு வெடித்தால் உள்ளே இருப்பவர் பிழைப்பது கஷ்டம் என்று தெரிந்ததும் படைவீரர்களே அதற்கு 'நடமாடும் சவப்பெட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்படியும் மாற்று வண்டி வந்துசேர வருடக்கணக்கில் ஆனது.

பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார்கள். போர்க்களம் என்பதற்காகக் கதவை அடைக்க முடியாது, வழக்கை நடத்தலாம் என்று 2013-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் 2016-இல், இராக் போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்த சில்காட் விசாரணையின் அறிக்கை வந்தது. மாற்று வண்டி வருவதில் ஆன தாமதத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கவே கூடாது என்றது. என்னை உலுக்கியது இன்னொரு விஷயம்: இப்படிப்பட்ட குறையைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது யார் வேலை என்பதே பாதுகாப்பு அமைச்சகத்தில் தெளிவாக இல்லையாம். அடுத்த ஆண்டு பாதுகாப்பு அமைச்சர், மகனை இழந்த ஒரு தாய்க்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். மகன் இறந்து பன்னிரண்டு வருடம் கழித்து!