பெரியம்மாவின் ஏ.டி.எம். அட்டை: கடிதமும் பதிலும்

வணக்கம்.

திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். என் அம்மாவின் அக்காவுக்கு 78 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. பெரியப்பா காலமான பிறகு தனியாக இருக்கிறார், நாங்கள் இரண்டு வீடு தள்ளி. மூத்த மகன் கனடாவில், இளையவர் சுவிஸில். மருந்து, சாமான், வங்கி எல்லாம் நான்தான் கூட்டிக்கொண்டு போவது.

ஒரு வருடமாக மறதி கூடிவிட்டது. ஒரே மின்சாரப் பில்லை இரண்டு தரம் கட்டியிருக்கிறார். ஏ.டி.எம். அட்டையின் பின்பக்கத்தில் பின் நம்பரைப் பேனையால் எழுதி வைத்திருக்கிறார். தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்து மாதம் ஐந்து வட்டி தருவதாகச் சொல்லி 50,000 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். போன கிழமை மெத்தைக்குக் கீழே ஒரு நிதி நிறுவனத்தின் 15 லட்சம் ரூபாய் வைப்பு ரசீது கிடந்தது. வங்கியிலும் 10 லட்சம் இருக்கிறதாம். கனடா அண்ணா "கார்டை நீ வாங்கி வை, நம்பரும் உனக்குத் தெரியும்தானே" என்கிறார். சுவிஸ் தம்பி "அம்மாட காசு எங்க போகுது?" என்று என்னிடமே கேட்கிறார். பெரியம்மாவிடம் பேச்சை எடுத்தால் "நான் இன்னும் சாகேல்ல" என்று கோபப்படுகிறார். நான் என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

பெரியம்மா கோபத்தில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொல்வது சரி. அந்த வயதில் திருகோணமலையில் இருக்கிற ஒருவர் 1990 இன் இடம்பெயர்வையும், 2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2022 இன் எரிவாயு வரிசையையும் கடந்து வந்தவர். அதற்கு நடுவில் பிள்ளைகளைப் படிப்பித்து வெளிநாட்டுக்கும் அனுப்பியிருக்கிறார். அவரிடம் போய் "கார்டைத் தாங்கோ, இனி நான் பாக்கிறன்" என்றால் அவருக்கு அது உதவியாகக் கேட்காது. உங்கள் பயமும் நியாயமானதுதான், நீங்கள் எழுதிய அறிகுறிகளில் எதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் காசு அவருடையதாகவும், கையெழுத்து அவருடையதாகவும் இருக்க, ஓடியாடுகிற வேலை மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். நான் சொல்லப் போவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

அட்டையை வாங்காதீர்கள். கனடா அண்ணா உங்களை நம்பித்தான் சொல்கிறார், தெரியும். ஆனால் இயந்திரத்தில் நம்பரை அழுத்தியது பெரியம்மாவா நீங்களா என்று எந்தத் தாளிலும் இருக்காது. ஒரு வருடம் கழித்து யாராவது கணக்குக் கேட்டால் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. அதோடு அட்டையையும் நம்பரையும் இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது வங்கியின் நிபந்தனை, அதை மீறிய பிறகு காசு களவு போனால் முறைப்பாடு எடுபடுவது கஷ்டம். இப்போது நம்பர் எழுதியிருக்கிற அந்த அட்டையை ரத்துச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் இந்தக் கிழமையே.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். பென்சன் வருகிற கணக்குக்கு அட்டையே வேண்டாம். அதே வங்கியில் அவர் பெயரிலேயே இன்னொரு சின்னச் சேமிப்புக் கணக்கைத் திறந்து, அதற்கு மட்டும் அட்டை எடுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு பேரும் ஓட்டோ பிடித்துப் போய், அந்த மாதச் செலவுக்கு வேண்டியதை அவரே கையெழுத்து வைத்துச் சின்னக் கணக்குக்கு மாற்றிவிடட்டும். யாராவது போனில் ஏமாற்றினாலும் அட்டை தொலைந்தாலும் போவது ஒரு மாதச் செலவோடு நிற்கும். வெளியே போய் வருவதும் அவருக்கு நல்லது, கவுண்டரில் இருக்கிற பிள்ளை அவரிடம் படித்தவராகக்கூட இருக்கலாம், நம் ஊர் அவ்வளவு பெரியதில்லை. இரண்டு தரம் கட்டிய மின்சாரப் பில்லுக்காக அவரைப் பேசாதீர்கள், அது வரவாக நின்று அடுத்த பில்லில் கழிந்துவிடும். இனிமேல் பில் கணக்கிலிருந்து தானாகவே கட்டுப்படும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கலாம்.

அடுத்தது கொப்பி. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படியான வீடுகளில் கடைசியில் பழி வந்து விழுவது கிட்ட இருந்து பார்த்தவர் மேல்தான். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குக் காசு போவது மட்டும்தான் தெரியும். இரவு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடியது, மருந்துக் கடையில் நின்றது, இதெல்லாம் தெரியாது. ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, துண்டுகளைப் பின்னால் ஒட்டுங்கள். முடிந்தவரை பெரியம்மாவின் கையாலேயே எழுதட்டும், வாழ்நாள் முழுக்க வரவு இடாப்பு எழுதிய கை அது. எழுத்துத் தடுமாறினால் நீங்கள் எழுதி அவரிடம் வாசித்துக் காட்டி, பக்கத்தின் அடியில் ஒப்பம் வாங்குங்கள். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அண்ணா, தம்பி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வாட்ஸ்அப்பில் போடுங்கள், ஒருவருக்கு மட்டும் போடாதீர்கள். உங்கள் ஓட்டோக் காசு, அவருக்காக நீங்கள் போடுகிற ரீலோட், எல்லாம் அந்தக் கொப்பியில் வரட்டும். கூச்சப்பட்டு உங்கள் கையிலிருந்து போட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு வருடத்தில் உங்களுக்குள் மனக்கசப்பு வரும், அது பெரியம்மாவுக்குத்தான் கூடாது. வேலையை விட்டுவிட்டு முழு நாளும் அவரோடு நிற்கிற நிலை வந்தால் அதற்கு மாதம் ஒரு தொகையை மகன்மார் தர வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். சொந்தம் என்பதற்காக ஒரு பெண்ணின் நேரம் சும்மா கிடைக்கிறது என்று நினைப்பது நம் குடும்பங்களில் பெரிய அநியாயம்.

இனி வைப்புகள். வட்டியை நம்பி இருக்கிற பெரியவர்கள் ஏன் வாசலில் வருகிறவரிடம் காசைக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 2022 கடைசியில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலும் வட்டி கிடைத்தது. 10 லட்சத்துக்கு மாதம் பதினாறாயிரத்துக்கு மேல். பிறகு அது 8 வீதத்துக்குக் கிட்ட இறங்கியபோது அதே 10 லட்சத்துக்கு மாதம் ஆறாயிரத்துச் சொச்சம். சாமான் விலை மட்டும் பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. அப்படி இருக்கிறவரிடம் மாதம் ஐந்து வட்டி என்று ஒருவர் சொன்னால் மனம் போகத்தான் செய்யும், இதில் மறதிக்குப் பெரிய பங்கில்லை. ஆனால் மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு 60 வீதம், அதை நேர்மையான எந்தத் தொழிலாலும் தொடர்ந்து கொடுக்க முடியாது. பொதுமக்களிடம் வைப்பு வாங்க மத்திய வங்கியின் அனுமதி வேண்டும், அனுமதி பெற்றவர்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. 2008 இல் விழுந்துபோன கோல்டன் கீ நிறுவனத்தில் காசைப் போட்டுவிட்டுத் தெருவில் நின்றவர்களில் படித்தவர்களும் நிறையப் பேர். அந்த 50,000 பற்றி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பெரியம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்களும் இன்னொரு பெரியவரும் நேரில் போய்த் திகதி போட்டு எழுதி வாங்குங்கள், ஒரேயடியாகக் கேட்டு வராவிட்டால் தவணையாகவாவது. இதை அவர் கோயிலுக்குக் கொடுக்கிற காசோடு சேர்த்துப் பேசாதீர்கள். பத்ரகாளி அம்மனுக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கோ அவர் கொடுத்தால் அது அவர் உரிமை, மகன்மாருக்கும் அதில் கேள்வியில்லை.

நிதி நிறுவனத்தில் இருக்கிற 15 லட்சத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அனுமதி பெற்ற நிறுவனமாக இருந்தால் மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி உண்டு, ஆனால் அது ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரைதான். மிச்சம் 4 லட்சத்துக்குப் பாதுகாப்பில்லை. முதிர்வுத் திகதி வரும்போது ஒரு பகுதியை வேறு வங்கிக்கு மாற்றுவது நல்லது. இடையில் உடைத்தால் வட்டி குறையும், அவசரப்படத் தேவையில்லை. இரண்டு வைப்பிலும் நியமனதாரர், அதாவது அவருக்குப் பிறகு காசைப் பெறுகிறவர், பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரியப்பாவின் பெயரே இன்னும் கிடந்தால் மாற்ற வேண்டும். யார் பெயரைப் போடுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும், உங்கள் பெயரைப் போடச் சொன்னால் மகன்மாருக்கும் தெரியப்படுத்திவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் வரி. வட்டியில் பிடிக்கிற வரி 2025 ஏப்ரலிலிருந்து 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியது. வருட வருமானம் 18 லட்சத்துக்குள் இருக்கிறவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு வரி ஆண்டுக்கும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்களில் எத்தனையோ பேர் இதைத் தெரியாமலே மருந்துக் காசை விடுகிறார்கள். உயிர்வாழ் சான்றிதழை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வருட ஆரம்பத்தில் கிராம சேவகரிடம் போய் பிரதேச செயலக வேலையை முடிக்காவிட்டால் பென்சன் தடைப்படும்.

மறதிக்கு டொக்டரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அது இல்லை. வயதானவர்களுக்கு வருகிற மறதி எல்லாம் மூளைத் தேய்வு இல்லை. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, சிறுநீர்த் தொற்று, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், இவற்றாலும் வரும், இவற்றில் பலதுக்கு மருந்து உண்டு. தனியாக இருக்கிறவர், துணை போனவர், மனச்சோர்வையும் யோசியுங்கள். தேய்வுதான் என்று தெரிந்தால் நேரத்தின் அருமை கூடுகிறது, ஏனென்றால் அற்றோணித் தத்துவமோ (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரம்) மரண சாதனமோ (உயில்) எழுதுவதென்றால் தான் என்ன எழுதுகிறேன் என்று அவருக்கே விளங்குகிற காலத்தில்தான் எழுதலாம். அற்றோணித் தத்துவம் எழுதினாலும் வங்கி வேலை, பென்சன் வேலை என்று குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள், காணியை விற்கிற அதிகாரத்தை அதற்குள் போட விடாதீர்கள். அவர் இறந்தால் அந்தப் பத்திரமும் செல்லாது. வீட்டு உறுதியை இப்போதே யார் பெயருக்காவது மாற்றச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் "பிறகு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அவரே விரும்பிக் கொடுப்பதாக இருந்தால் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கிற உரிமையை, தனக்கு வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி முடிக்கட்டும், நல்ல நொத்தாரிசு ஒருவர் இதைத் தானாகவே சொல்லுவார்.

மகன்மார் இருவருக்கும் இந்தப் பதிலை அப்படியே அனுப்புங்கள். அண்ணாவுக்கு நான் சொல்வது, கார்டை வாங்கு என்று தங்கைக்குச் சொல்வதற்கு முன்னால் கிழமைக்கு ஒருமுறை வீடியோவில் அம்மாவோடு அரை மணித்தியாலம் பேசுங்கள், அந்த 50,000 கதை அவர் வாயாலேயே வரும். தம்பி கணக்குக் கேட்பதில் தவறில்லை, மகன்தான், ஆனால் கொப்பி வந்த பிறகு கேள்வி கொப்பியைப் பற்றியதாக இருக்கட்டும்.

பெரியம்மாவிடம் பேச்சை எங்கே தொடங்குவது என்றால், அந்த ரசீதில் தொடங்குங்கள். மெத்தைக்குக் கீழே கண்டெடுத்ததாகச் சொல்லாமல், "பெரியம்மா, வைப்பு எப்ப முடியுது எண்டு பாத்தனீங்களோ, புதுப்பிக்கிற நாளை விடக்கூடாது" என்று கேளுங்கள். அவரே எடுத்துக்கொண்டு வருவார். அதில் இருக்கிற திகதி தாண்டிப் போயிருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாளைக் காலையே அவரோடு அங்கே போங்கள்.